முதலில் புத்தகம், பிறகு படம்

கெடா மாநிலம் சிடாம் கிரி வட்டாரத்துப் பெற்றோருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து ஒரு படம் போட்டுக் காட்டலாம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'எ ரிங்கிள் இன் டைம்' என்ற டிஸ்னி படம் என்று கேள்விப்பட்டேன். 2018இல் ஆவா டுவெர்னே இயக்கத்தில் வந்த படம். ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். சண்டையும் ரத்தமும் இல்லை. நல்ல தேர்வுதான், குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: திரையைக் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படத்துக்கு மூலமான நாவலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம். விடுமுறை நீளமாக இருக்கிறது. புத்தகத்தில் பன்னிரண்டே அத்தியாயங்கள்.

நாவலை எழுதியவர் மேடலின் லெங்கிள் என்ற அமெரிக்க எழுத்தாளர். எழுத எழுத, இரவில் தம் பிள்ளைகளுக்கே அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் ரசித்தார்கள், பதிப்பகத்தார் ரசிக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பின. இது பெரியவர்களுக்கா சிறுவர்களுக்கா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பெண்பிள்ளையை நடுவில் வைத்து அறிவியல் கதை சொல்வது அந்தக் காலத்தில் வழக்கத்திலும் இல்லை. கடைசியில் 1962இல் புத்தகம் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சிறந்த சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் கிடைத்தது. 2003இல் ஒரு தொலைக்காட்சிப் படம், அதன் பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இந்தப் பெரிய படம் என்று இரண்டு முறை திரைக்கு வந்திருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக் மரி என்று ஒரு பெண். கண்ணாடி, பல்லில் கம்பி, முன்கோபம். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் அப்பா சொல்லிக்கொடுத்த குறுக்குவழியில் போடுவாளே தவிர, ஆசிரியர் சொல்லும் வழியில் போட மாட்டாள். அதனால் பள்ளியில் கெட்ட பெயர். தம்பி சார்லஸ் வாலஸுக்கு ஐந்து வயது. வெளியாள் முன்னால் வாயே திறக்காததால் ஊர் அவனை மந்தம் என்று முடிவு கட்டிவிட்டது. அம்மா நுண்ணுயிரியல் அறிஞர். வீட்டோடு ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் பன்சன் விளக்கின் மேலேயே இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சியை வேக வைப்பார். அப்பா இயற்பியல் அறிஞர். அரசாங்க வேலையாகப் போனவர் திரும்பி வரவில்லை, கடிதமும் நின்றுபோயிற்று. மிசஸ் வாட்சிட், மிசஸ் ஹூ, மிசஸ் விச் என்று மூன்று விசித்திரமான கிழவிகள் வந்து, மெக்கையும் தம்பியையும் கெல்வின் என்ற பையனையும் அப்பாவைத் தேடி வேறு கிரகங்களுக்கு அழைத்துப் போகிறார்கள்.

ராக்கெட் எதுவும் இல்லாமல் எப்படிப் போகிறார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் புத்தகத்திலேயே விளக்கம் இருக்கிறது. மிசஸ் ஹூ தன் அங்கியின் ஓர் ஓரத்தை இரண்டு கைகளுக்கும் நடுவில் இழுத்துப் பிடிக்கிறார். வலது கையிலிருந்து இடது கைக்கு ஒரு சின்னப் பூச்சி போக வேண்டுமானால் துணி நெடுக நடந்தாக வேண்டும். இரண்டு கைகளையும் ஒன்றுசேர்த்தால் பூச்சி இருந்த இடத்திலேயே அக்கரைக்கு வந்துவிடுகிறது. வெளியும் காலமும் அப்படி மடியும் என்பதுதான் கதையின் கற்பனை. கோடு, சதுரம், கனசதுரம், அதற்கு மேல் காலம், அதற்கும் மேல் ஐந்தாவதாக இந்த மடிப்பு என்று மெக்குக்குப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள்.

இதை ஒரு சனிக்கிழமை நம் வாசிப்பில் நான் செய்து பார்த்தேன். கைலி ஒன்றை எடுத்து, இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்கவைத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பூச்சிக்குப் பதில் ஒரு ரப்பர் கொட்டை. மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் எழுந்து வந்து ஒரு முனையைத் தொட்டு, இது சிடாம் கிரி என்றான். மறு முனையைத் தொட்டு, அது ஜொகூர் பாரு, எங்கப்பா அங்கதான் வேலை செய்றாரு, இப்ப மடிங்க சார் என்றான். மடித்தோம். கொட்டையை அந்தக் கைக்கு அவனே மாற்றினான். பிறகு மற்ற பிள்ளைகளும் வரிசையில் வந்தார்கள். பினாங்கு, சிங்கப்பூர், சிலாங்கூர் என்று ஒவ்வொருவரும் ஓர் ஊரைக் கொண்டுவந்தார்கள். ஐந்தாவது பரிமாணம் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. படத்தில் இந்த மடிப்பு ஒரு காட்சியாக ஓடி முடிந்துவிடும். பாதியில் நிறுத்தச் சொல்லி எழுந்து வர ஒரு பிள்ளைக்கும் தோன்றாது.

நான் இந்த நாவலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. பிள்ளைகள் மூவரும் கமாசோட்ஸ் என்ற கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கே ஒரு தெரு. எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே சாம்பல் நிறம். வாசலுக்கு வாசல் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பந்து தட்டும் பிள்ளைகள் அத்தனை பேரின் பந்தும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறது. கயிறு தாண்டும் பிள்ளைகளின் கயிறும் அதே தாளத்தில் தரையில் படுகிறது. கதவுகள் ஒன்றாகத் திறக்கின்றன, அம்மாக்கள் ஒன்றாக வெளியே வந்து ஒன்றாகக் கை தட்டுகிறார்கள், பிள்ளைகள் ஒன்றாக உள்ளே போகிறார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் தாளம் தப்பிவிடுகிறான். பந்து அவன் கையை விட்டு உருண்டு ஓடுகிறது. அவன் அம்மா பதறிப்போய் வந்து அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். தவறவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு மெக்கும் மற்றவர்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால், என் பிள்ளை பந்தைத் தவறவிடவே இல்லை என்று நடுங்கிக்கொண்டே சாதிக்கிறாள்.

பிறகு வேறோர் அத்தியாயத்தில் அந்தப் பையனை மறுபடி பார்க்கிறோம். ஓர் அறைக்குள் அடைத்துப் பந்து தட்டப் பழக்குகிறார்கள். பந்து ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் அவனுக்கு வலிக்கிறது. சரியான தாளம் வரும்வரை வலிக்கும்.

சிடாம் கிரியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவரும் அந்தத் தெருவைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சட்டென்று போய்விட முடியாது. ஒரே நீளக் கூரைக்குக் கீழே ஒரே அளவு அறைகளாகக் கட்டிய லயத்தில் நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இருந்தார்கள். விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். நிரை பிரித்துக் கொடுப்பார்கள். வரிசை மாறாமல் நட்ட ரப்பர் மரங்களில் ஒரே சாய்வில் கோடு போட வேண்டும். மங்கு ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். கோடு ஆழமாகி மரத்தைக் காயப்படுத்திவிட்டால் கங்காணி ஏசுவார், கிராணி கூலிக் கணக்கான செக்ரோலில் கை வைப்பார். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போன அம்மாக்கள் பால் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்பி வர முடியும். பந்தைத் தவறவிட்டவனின் அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்பதை நம் பாட்டிமாருக்கு விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

லெங்கிள் கெடாவைப் பார்த்து இதை எழுதவில்லை. நம் லயம் கமாசோட்ஸாகவும் இருந்துவிடவில்லை. ஒரே மாதிரி கட்டிக் கொடுத்த வீட்டு வாசலில்தான் ஒருத்தி கனகாம்பரம் வைத்தாள், இன்னொருத்தி கறிவேப்பிலை வைத்தாள். ஒருவர் சேவல் வளர்த்தார், ஒருவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். மாரியம்மன் திருவிழா வந்தால் எந்தக் கிராணியின் புத்தகத்திலும் இல்லாத ஒரு வாழ்க்கை வெளியே வந்தது. வரிசையாக நிற்க வைக்கப்பட்டவர்கள் தங்களை ஒரே அச்சாக ஆக்கவிடவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாம் சுங்கைப்பட்டாணியிலும் பாடாங் செராயிலும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். தாமானிலும் இருபது முப்பது வீடு ஒரே முகத்தோடு நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு லயத்தைப் பற்றித் தெரிந்தது குறைவு; ஒரே மாதிரியான வாசல் வரிசை தெரியும். அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, உங்கள் வீட்டுப் பாட்டியைப் பெரட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். தோட்ட வரலாறு பிள்ளைகளின் காதில் ஏறுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. 'அந்தக் காலத்துல நாங்க பட்ட கஷ்டம்' என்று ஆரம்பித்தாலே கைப்பேசிக்குள் தலையை விடும் பிள்ளை, அந்தப் பந்துப் பையனுக்காகக் காது கொடுப்பான்.

அந்த ஊரை ஆட்டிப் படைப்பது உடம்பே இல்லாத ஒரு மூளை. 'இட்' என்று பெயர். இங்கே எல்லோரும் ஒரே மாதிரி, அதனால் எல்லோரும் சமம், அதனால் யாருக்கும் துன்பமில்லை என்று அது ஆசை காட்டுகிறது. மெக் அதன் பிடியில் மூழ்கப் போகும் தருணத்தில், ஒரே மாதிரி இருப்பதும் சமமாக இருப்பதும் வேறு வேறு என்று பிடித்துக்கொள்கிறாள். நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்குமா என்று கேட்காதீர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கோ புதுமுக வகுப்புக்கோ போகும் நம் பிள்ளை அதைத் தினமும் அனுபவிக்கிறான். மலாய் தடுமாறினால் மந்தம் என்ற பெயர். ஆங்கிலம் தடுமாறினால் பின் வரிசை. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வரவில்லையென்றால் தலையில் ஒன்றும் இல்லை என்ற முடிவு. சார்லஸ் வாலஸை ஊர் எப்படிப் பார்த்ததோ, நம் பிள்ளைகளில் எத்தனையோ பேரை அப்படித்தான் பார்க்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை போலவே இருக்க வேண்டும், அவன் எடுத்த மதிப்பெண்ணையே எடுக்க வேண்டும் என்று அந்தப் பந்தின் தாளத்தைச் சில நேரம் நாமும் தட்டிக்கொடுக்கிறோம். ஆசிரியர்களே, உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வகுப்பில் ஒரு மெக் இருப்பாள். கணக்கைத் தன் வழியில் போட்டு, படிமுறை காட்டவில்லை என்று சிவப்பு மை வாங்குகிறவள். இந்தக் கதையை அவள் காதால் கேட்டேயாக வேண்டும்.

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டபோது, இனிப் பிள்ளைகள் நிம்மதியாகப் படிக்கலாம் என்று எல்லோரும் பேசினோம். அந்த நிம்மதியான படிப்பு எந்த வீட்டில் தொடங்கியிருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிலாம் வாசிப்புத் திட்டப் பதிவேட்டில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் வாசிப்பு நின்றுவிடுகிறது.

படத்தில் என்ன குறை என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். குறை என்று சொல்ல மாட்டேன். மெக்காக நடித்த ஸ்டார்ம் ரீட் நன்றாகச் செய்திருக்கிறாள். வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்ணாகவே எல்லோரும் நினைத்திருந்த மெக்கைக் கறுப்பின அம்மாவின் மகளாக ஆக்கியது டுவெர்னேயின் துணிச்சல். தன் சுருட்டை முடியை வெறுத்து, பிறகு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெண்ணைப் பார்த்து, நிறத்தைச் சொல்லிக் கேலி கேட்டு வளரும் நம் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இன்னொரு சேதியும் உண்டு. மிசஸ் ஹூவாக வரும் மிண்டி கேலிங்கின் குடும்பப் பெயர் சொக்கலிங்கம், அப்பா தமிழர். மிசஸ் ஹூவுக்குச் சொந்த வார்த்தை எளிதில் வராது. யாரோ எப்போதோ சொன்ன வாக்குகளையே எடுத்துப் பேசுவார். புத்தகத்தில் ஐரோப்பிய மொழிகளில் வரும். படத்தில் புத்தரும் ரூமியும் வருகிறார்கள். நாம் வாசிக்கும்போது அந்த இடங்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். இந்த நேரத்தில் மிசஸ் ஹூ தமிழில் என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த குறளும் ஆத்திசூடியும் அவர்கள் வாயிலிருந்து இடம் பார்த்து விழும்.

ஆனாலும் படத்தில் வராத ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதற்காகவே புத்தகம் வேண்டும் என்பேன். கமாசோட்ஸிலிருந்து தப்பும்போது மெக் இருட்டின் குளிரில் உறைந்துபோகிறாள். அசைய முடியாமல் வேறொரு கிரகத்தில் கிடக்கிறாள். அங்கே இருக்கும் உயிர்களுக்குக் கண் இல்லை, சாம்பல் நிற உரோமம், நான்கு கைகள். பார்த்தால் பயமாக இருக்கும். அவற்றில் ஒன்று அவளைத் தூக்கி மடியில் வைத்து, சூடாக்கி, ஊட்டி, தூங்க வைக்கிறது. அதை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்து, கடைசியில் 'பீஸ்ட் அத்தை' என்று மெக் பெயர் வைக்கிறாள். கண்ணே இல்லாத அந்த அத்தைக்கு வெளிச்சம் என்றால் என்ன, பார்ப்பது என்றால் என்ன என்று சொல்ல முயன்று மெக் தோற்றுப்போகிறாள். பார்வை இல்லாமலேயே அந்த அத்தைக்கு மெக்கைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

அறிவியல் வகுப்பில் ஒளியைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கண் இல்லாத ஒருவருக்கு, நிறம் என்ற சொல்லே இல்லாத உலகத்தில் இருப்பவருக்கு, சிவப்பைச் சொல்லிக் காட்டு. சூடு என்பான் ஒருவன், மிளகாய் என்பாள் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் ஒளி என்பது கண் வரும்வரை என்னவாக இருக்கிறது என்ற கேள்விக்கு அவர்களே வந்து சேர்வார்கள். இயற்பியல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

அந்த அத்தியாயத்தை ஒட்டிய பக்கங்களில் அப்பாவும் இருக்கிறார். இத்தனை தூரம் தேடி வந்து கண்டுபிடித்த அப்பாவால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியவில்லை. இட்டின் பிடியில் சிக்கிய தம்பியை மீட்க முடியாமல் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். மெக்குக்கு அவர் மேல் கடும் கோபம். அப்பா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தவள், அவரும் பயப்படுகிற, தவறு செய்கிற மனிதர்தான் என்று மெல்ல ஏற்றுக்கொண்டு, தம்பிக்காகத் தனியாகத் திரும்பிப் போகிறாள். நம் வட்டாரத்தில் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் அப்பாக்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மெக் சொல்கிறாள். வாசிக்கும்போது அந்தப் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுத்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

இனி, உங்களிடமிருந்து வந்த தயக்கங்கள்.

மதம் கலந்த புத்தகமா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், லெங்கிள் பக்தியுள்ள கிறித்துவர். விவிலிய வரிகள் கதைக்குள் வருகின்றன. இருட்டை எதிர்த்துப் போராடியவர்கள் என்று ஓர் இடத்தில் பிள்ளைகள் பெயர் சொல்கிறார்கள். இயேசுவில் தொடங்கும் அந்தப் பட்டியலில் புத்தரும் காந்தியும் ஐன்ஸ்டைனும் மேரி கியூரியும் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்து வைத்ததற்காகவே அமெரிக்காவில் சில கிறித்துவக் குழுக்கள் புத்தகத்தை எதிர்த்தன. 1990களில் அங்குள்ள நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களின் வரிசையில் இதுவும் ஒன்று. எதையும் மறைக்க வேண்டாம். எழுதியவரின் நம்பிக்கை இது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வாசிப்போம். அந்தப் பட்டியலில் நீங்கள் யாரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்போம். வள்ளலாரைச் சொல்லும் பிள்ளையும் இருப்பாள்.

ஆங்கிலம் போதாதே என்பது அடுத்த தயக்கம். அதனால்தான் 'வாசித்துக் காட்டுவோம்' என்கிறேன். வாசிப்பவர் முதல் நாள் இரவே அத்தியாயத்தைப் படித்துக்கொண்டு வந்து, தமிழில் சொல்லிக்கொண்டே போகட்டும். முக்கியமான இடங்களில் மட்டும் ஆங்கில வரியை அப்படியே வாசிக்கட்டும். ஹோப் லார்சன் வரைந்த படக்கதை வடிவமும் 2012இல் வந்திருக்கிறது. படிக்கத் தயங்கும் பிள்ளை கையில் அதைக் கொடுக்கலாம்.

தமிழில் இப்படி ஒன்றுமே இல்லையா என்று கேட்டவருக்குத்தான் மிகவும் நன்றி. இருக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அந்த எதிர்கால இந்தியாவில் பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலா, சிபி, ரவி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். ஜீவா என்ற ஒரே தலைவன் சொல்வதே சட்டம். கமாசோட்ஸும் ஜீவாவின் நாடும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. அங்கே நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துப் படித்து, தனக்கென்று ஒரு மனமே வளர்த்துக்கொள்கிறது. தமிழ் அறிவியல் கதைகளில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அதுதான். 'எந்திரன்' படத்துச் சிட்டியைத் தெரியாத பிள்ளை நம்மிடம் இல்லை. சிட்டி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஜீனோ வந்துவிட்டது என்று தெரிந்த பிள்ளைகள் குறைவு. ஆனால் அந்த நாவலில் அரசியலும் சூழ்ச்சியும் அதிகம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் எட்டாது. படிவம் இரண்டு, மூன்றில் இருக்கும் அண்ணன் அக்காமாரிடம் கொடுங்கள். நம் பக்கத்திலேயே, சுங்கைப்பட்டாணிக்காரரான ஆசிரியர் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற சிறுவர் மர்ம நாவல்களை எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் நம் ஊர்ப் பேச்சில் சாகசம் செய்யும் கதைகள் அவை. லெங்கிளை முடித்துவிட்டு அவற்றுக்குப் போவோம். அதற்குப் பிறகு பிள்ளைகளே ஒரு கிரகத்தைப் படைத்து எழுதட்டும் என்பது என் ஆசை.

அவர்கள் எழுதுவார்கள் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அறிவியல் கதை எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று நினைக்க நம் பிள்ளைகளுக்கு அவசியமே இல்லை. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இலிருந்து நம் பக்கத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான பெரிய ஆலையை அங்கே திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்சாரக் கருவிகளுக்கும் போகும் சில்லுகள். பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்குப் போன பாதையில் இன்று பேத்தியை ஏற்றிக்கொள்ளக் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, முகத்தில் கண் மட்டும் தெரிய, தூசி நுழையாத அறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அம்மாக்கள் நம் வாசிப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மெக்கின் அம்மாவைப் பற்றிப் படிக்கும்போது அந்தப் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க ஓர் அம்மா வீட்டிலேயே இருக்கிறார். அந்த அம்மாக்களில் ஒருவராவது ஒரு நாள் வந்து, வேஃபர் என்றால் என்ன, அந்த உடுப்புக்குள் எப்படி இருக்கும், தும்மல் வந்தால் என்ன செய்வார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் 2007 அக்டோபரில் சோயூஸில் போனதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து கடைசி நான்கு பேராகச் சுருக்கியபோது, அந்த நால்வரில் ஒரே பெண் ஒரு தமிழ்ப் பெண். வனஜா சிவசுப்பிரமணியம். நம் பெண்பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது. மெக் கற்பனை, வனஜா நிஜம்.

வேலைப் பங்கீட்டுக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்கிறேன். அப்பா பற்றிய அத்தியாயங்களை ஓர் அப்பா வந்து வாசித்தால் நன்றாக இருக்கும். லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் சரளமாக வராது என்று கூச்சப்படுகிறார். முதல் நாள் இரவே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து படித்துவிடலாம். பீஸ்ட் அத்தை வரும் அத்தியாயத்துக்கு ஓர் அறிவியல் ஆசிரியர் கட்டாயம் வேண்டும். அஸ்தி அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்தும் அறிவியல் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய ஆசிரியர் யாராவது முன்வந்தால், சோதனைப் பொருட்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கமாசோட்ஸ் நாளில் பெரட்டைப் பற்றிச் சொல்ல ஒரு பாட்டியாவது வந்து உட்கார வேண்டும். நடக்க முடியாதவராக இருந்தால் காரில் நான் போய் அழைத்து வருகிறேன்.

கூலிமில் வேலை செய்யும் அக்காமார், உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து எந்தச் சனிக்கிழமை ஓய்வு என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்துத்தான் மற்ற அத்தியாயங்களைப் பிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பில் உங்கள் பிள்ளைகளோடு உட்காரும் ஒருவன்